அப்பா வெட்டிய குழிகள்

"இது மண்ணு இல்லம்மா" என்றார் அப்பா.

கையில் மண்வெட்டி. எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஓரடி ஆழத்துக்குத் தோண்டியிருந்தார். பள்ளத்துக்குள் சிவப்பாக, கட்டி கட்டியாக, ஈரமாக இருந்தது. மண் இல்லையென்றால் வேறு என்னவாம்? வயதானால் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு காப்பி கலக்க உள்ளே போய்விட்டேன்.

விஷயம் இதுதான். இரண்டு வருடங்களுக்கு முன்பு இந்தத் தாமானில் வீடு வாங்கிக் குடியேறினோம். முன்பு செம்பனைக் காடாக இருந்த இடம். அதற்கும் முன்பு ரப்பர். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு இருபதடி காலியிடம். வந்த வாரமே ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தேன். செத்தது. இரண்டாவது கன்றை உரம் போட்டு வைத்தேன். அதுவும் போனது. மூன்றாவது, நான்கு இலை விட்டு என்னை நம்ப வைத்துவிட்டுப் போனது. மாமியார் என் காதுபடவே 'கைராசி' என்ற வார்த்தையை இரண்டு முறை சொல்லிவிட்டார். கணவரோ, "பேசாம சிமெண்டு போட்டுடலாம்" என்று குத்தகையாளரை வரவழைத்து அளவும் எடுத்தாகிவிட்டது. எங்கள் வரிசையில் பாதி வீடுகள் அப்படித்தான். சேறு இல்லை, புல் வெட்டும் வேலை இல்லை. எனக்கும் சரி என்றுதான் பட்டது. அந்த வாரக் கடைசியில்தான் குளுவாங்கிலிருந்து அப்பா வந்தார்.

காப்பியோடு திரும்பி வந்தால், பள்ளத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "என்னப்பா பண்றீங்க?" என்றேன். "பாத்துக்கிட்டு இருக்கேன்." அரை மணி நேரம் கழித்தும் தண்ணீர் அப்படியே நின்றது. மறுநாள் காலையிலும் பாதி நின்றது. "பாரு. தண்ணி எறங்கல. வேர் ஒண்ணு இல்ல, புழு ஒண்ணு இல்ல, வாசம் இல்ல. இது அடிமண்ணு. மேல இருந்தத வழிச்சு எடுத்துட்டு, மிஷின் விட்டு மிதிச்சு வச்சிருக்கானுங்க. இதுல கறிவேப்பில எப்படிம்மா வரும்?"

ஆக, என் கைராசிக்கும் செத்த கன்றுகளுக்கும் சம்பந்தமில்லை. இந்தப் பத்திக்கு வேறு பயனே இல்லாவிட்டாலும், இதை மாமியார் படிப்பார் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வீட்டில் எது நடந்தாலும் அதை நிகழ்ச்சியாக மாற்ற முடியுமா என்று பார்ப்போம். டிசம்பர் 5 உலக மண் தினம். அதற்காக ஐந்து நிமிடம் பேசலாம் என்று மண்ணைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். ஐந்து நிமிட விஷயமாக அது இல்லை.

மண் என்பது முதலில் பாறை. நம் தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவாங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல், சுமார் 200 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உறைந்த கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக லேசான அமிலமாகிறது. அந்த நீர், வெப்பமும் ஈரமும் குறையாத இந்த ஊரில், இரவு பகலாகக் கல்லுக்குள் இறங்குகிறது. கல்லில் இருக்கும் ஒரு வகைத் தாது கரைந்து களிமண்ணாகிறது. கரையாத பளிங்கு மணலாக நிற்கிறது. இரும்பு துருப்பிடிக்கிறது. நாம் சிறு வயதில் வெள்ளைச் சட்டையில் அப்பிக்கொண்டு அம்மாவிடம் அடி வாங்கினோமே, அந்தச் செம்மண் சடக்கின் சிவப்பு, துரு. அவ்வளவுதான். நம் நாட்டில் பாறை இப்படி முப்பது மீட்டர் ஆழத்துக்குக்கூட மக்கி மென்மையாகிக் கிடக்கும் இடங்கள் உண்டு.

முப்பது மீட்டர் இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த ஆழம் முழுவதும் அப்பா சொன்ன 'அடிமண்ணு'தான். உயிருள்ள மண் அதன் மேல் ஒரு சாண் கனத்தில் இருக்கும் கறுத்த படலம் மட்டுமே. இலை விழுந்து, காளானும் கறையானும் மண்புழுவும் அதைத் தின்று, செத்து, மறுபடி தின்று உண்டாக்கிய படலம். மண்புழு எப்படி மண் செய்கிறது என்று சார்ல்ஸ் டார்வின் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். 1881-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு இறந்துபோனார். பரிணாமத்தைக் கண்டு சொன்ன மனிதர் கடைசியாக எழுதியது புழுவைப் பற்றி!

நம் மழைக்காட்டு நிலத்தில் இன்னொரு சங்கடம். சத்தெல்லாம் மண்ணில் இருப்பதில்லை, பெரும்பகுதி மரத்தில் இருக்கிறது. இலை விழுந்த வேகத்தில் மக்கி, மக்கிய வேகத்தில் வேர் உறிஞ்சிக்கொள்கிறது. மரத்தை வெட்டி மேல்படலத்தையும் வழித்தெடுத்துவிட்டால் மிஞ்சுவது மழையில் பல்லாயிரம் ஆண்டுகள் அலசிய, புளித்த களிமண். மேல்மண் திரும்பி வர எவ்வளவு காலம்? ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனம் சொல்லும் கணக்கு: 2 முதல் 3 சென்டிமீட்டர் மண் உருவாக 1,000 ஆண்டுகள் வரை ஆகலாம். எங்கள் வீட்டுக் கடன் 35 வருடம். அதுவே நீளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

படித்துக்கொண்டே போகையில் ஒரு பெயரில் கண் நின்றது. மண் ஆய்வாளர்கள் மண் வகைகளுக்கு, அதை முதலில் விவரித்த ஊரின் பெயரை வைப்பது வழக்கம். குவாந்தான் மண், எரிமலைக் கல்லிலிருந்து வந்தது. செர்டாங் மண், மணற்கல்லிலிருந்து. சிலாங்கூர் மண், கடலோரக் களி. மலாக்கா மண், கிராவல் கல் நிறைந்தது. பட்டியலில் கருங்கல்லிலிருந்து பிறந்த மண்ணுக்கு என்ன பெயர் தெரியுமா? ரெங்கம்!

ஜொகூரில், குளுவாங்குக்குப் பக்கத்தில் இருக்கும் அதே ரெங்கம். அப்பா பிறந்து வளர்ந்த தோட்டம் அந்தப் பக்கம்தான். நான் எட்டு வயது வரை ஓடி விளையாடிய லயம் அங்கேதான் இருந்தது. நாடு முழுக்க எத்தனையோ மலைச்சரிவுகளில் விவசாய அதிகாரிகள் மண்ணைக் கிள்ளிப் பார்த்து 'இது ரெங்கம்' என்று எழுதிக்கொள்கிறார்கள். அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மண்ணுக்கு நம்ம ஊர் பேரா?" என்றார். பிறகு, "அந்த மண்ண நிக்க வைக்கத்தானம்மா நாங்க அத்தன குழி வெட்டுனோம்" என்றார்.

அப்பா பால்மரம் வெட்டியவர் இல்லை. வெளிக்காட்டு வேலை. தோட்டத்தில் அதற்கு மரியாதை கொஞ்சம் கம்மி. பால் வெட்டுபவர் பெரட்டில் முன்னால் நிற்பார். குழி வெட்டுபவர், புல் வெட்டுபவர், மருந்தடிப்பவர் எல்லாம் பின்னால். பள்ளிக்கூட பாரத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'தோட்டத் தொழிலாளி' என்று எழுதியிருக்கிறேன். அந்த வேலை என்ன வேலை என்று ஒருநாளும் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்து, யார் யாரையோ பேட்டி எடுத்து, இந்த வயதில் முதல் முறையாக அப்பாவைப் பேட்டி எடுத்தேன்.

கதை அவருக்கும் முந்தையது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்களில் ஒரு விதி இருந்தது: மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது. துரைமார்களில் பலர் இலங்கைக் காப்பி, தேயிலைத் தோட்டப் பழக்கத்தோடு வந்தவர்கள். களை இருந்தால் அது மரத்தின் சாப்பாட்டைத் திருடுகிறது என்று அவர்கள் நம்பினார்கள். தரை துடைத்து வைத்தது போல இருந்தால்தான் நல்ல தோட்டம். அப்படித் துடைத்தவர்கள் நம் ஆட்கள். அதிலும் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். என் பாட்டியின் அம்மா அந்தப் புல் வெட்டுக் கூட்டத்தில் ஒருவர்.

பிறகு மழை வந்தது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நாடு இது. பெரிய மழைத்துளி ஒன்று மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் தரையில் அது ஒரு சின்ன வெடி. மண் துகள் சிதறி, ஓடும் நீரோடு போய்விடும். மரம் இருக்கிறதே, தடுக்காதா என்று கேட்டேன். தடுக்காது, சில நேரம் மோசமாக்கும் என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரப்பர் இலைகளில் சேர்ந்து சொட்டும் துளி, மழைத்துளியைவிடப் பெரியது. அவ்வளவு உயரத்திலிருந்து விழும்போது அதற்கும் வேகம் வந்துவிடுகிறது. மண்ணைக் காப்பாற்றுவது மேலே இருக்கும் குடை இல்லை. தரையோடு தரையாகக் கிடக்கும் சருகும் புல்லும் கொடியும்தான். எதைத் திருடன் என்று சொல்லி நம் பாட்டிமார்கள் பிடுங்கினார்களோ, அதுதான் காவல்காரன்.

தோட்டத்துக்காரர்களுக்கு இது புரியப் பல வருடங்கள் பிடித்தன. புரிந்தபோது சரிவுகளில் மேல்மண் போயிருந்தது. வேர்கள் வெளியே தெரிந்தன. 1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. அதற்குப் பிந்தைய காலத்தில் 'எதையும் விட்டுவைக்காதே' என்பது மெல்ல மெல்ல 'மூடி வை' என்று மாறியது. சரிவில் படி வெட்டுவது, குழி வெட்டுவது, பயறு வகைக் கொடிகளை விதைப்பது என்று வேலைகள் வந்தன. பிடுங்கிய அதே கைகள் இப்போது விதைத்தன. கூலி மட்டும் பெரிதாக மாறவில்லை என்று அப்பா சேர்த்துக்கொண்டார்.

அப்பா வெட்டிய குழி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழம். இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே, சரிவுக்குக் குறுக்கே. எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட வேண்டும். மேல் வரிசையில் இரண்டு குழிகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால், அதற்கு நேர் கீழே அடுத்த வரிசைக் குழி வர வேண்டும். மேலே தப்பித்த தண்ணீர் கீழே மாட்டிக்கொள்ளும். மழை முடிந்ததும் குழியில் தேங்கிய வண்டலை அள்ளி மறுபடி மரத்தடியில் போடுவார்கள். "ஓடுன மண்ணப் புடிச்சு வந்து திரும்ப வீட்டுல விடற மாதிரி" என்றார்.

கொடி விதைப்பது இன்னும் சுவாரசியம். விதையின் தோல் கடினம். அதனால் முந்தின இரவே சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் 'கிறிஸ்மஸ் உரத்தோடு' கலந்து தூவுவார்களாம். அப்பா பல வருடம் அது பண்டிகைக்கு வரும் உரம் என்றே நினைத்திருக்கிறார். கிறிஸ்மஸ் தீவிலிருந்து வெட்டி எடுத்த பாஸ்பேட் கல்லின் தூள் அது. கொடி ஆறேழு மாதத்தில் தரையையே மறைத்துவிடும். வேரில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தரும். லாலாங் புல்லை எழவிடாது. ஒரே ஒரு குறை, பாம்பு. "கொடிக்குள்ள காலு வைக்கறப்போ குலசாமியக் கும்பிட்டுக்கிட்டுத்தான் வைப்போம்." இப்போது செம்பனைக் காடுகளில் அடர்ந்து கிடக்கிறதே முக்குனா கொடி, அதன் பூர்வீகம் இந்தியாவின் வடகிழக்கு. கேரளத்து ரப்பர் தோட்டங்கள் வழியாக 1990-களில் இங்கே வந்தது. நம் ஆட்கள் வந்ததற்கு நூறு வருடம் கழித்து அதுவும் கப்பலேறியிருக்கிறது.

ஓடிப்போன மண் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோலகுபு பாருவில் 'பாரு' ஏன் வந்தது? பழைய கோலகுபு ஒன்று இருந்தது. ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மணலும் சேறும் ஆற்றை மேடாக்கி, ஊர் திரும்பத் திரும்ப வெள்ளத்தில் மூழ்கியது. 1920-களின் வெள்ளங்களுக்குப் பிறகு, 1930-ஐ ஒட்டி, ஊரையே தூக்கி மேட்டில் வைத்தார்கள். அந்தப் புது ஊர்தான் இன்று நாம் வாரக் கடைசியில் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் ஊர்.

கேமரன் மலைக் கதை எனக்கு நெருக்கமானது. ரிங்லெட்டில் இருக்கும் சுல்தான் அபு பக்கார் அணை 1963-இல் கட்டி முடிக்கப்பட்டது. நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 6 மில்லியன் கன மீட்டருக்குச் சற்று மேல். அதில் பெரும் பகுதியை மேலிருந்து வந்த வண்டல் அடைத்துவிட்டது. ஆண்டுதோறும் பல மில்லியன் ரிங்கிட் செலவில் அதைத் தூர்வாரிக்கொண்டிருக்கிறார்கள். 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழை. அணை தாங்காமல் தண்ணீர் திறந்துவிடப்பட்டு, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின. நான் வானொலிக்கு வந்த புதிது. காலைச் செய்தியில் 'சேற்று வெள்ளம்' என்று வாசித்தேன். உச்சரிப்பு சரியாக இருந்ததா என்பது மட்டுமே அன்று என் கவலை. அந்தச் சேறு யாருடைய நிலத்திலிருந்து வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அதே மலையில் தேயிலையும் இருக்கிறது, காய்கறியும் இருக்கிறது. வளர்ந்த தேயிலைச் செடிகள் இடைவெளியில்லாமல் கம்பளம் போல மூடிக்கொள்கின்றன. எண்பது தொண்ணூறு வருடம் அதே சரிவில் நிற்கின்றன. காய்கறித் தோட்டத்துக்குச் சரிவை இயந்திரத்தால் சீவி மட்டமாக்க வேண்டும். அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் நடுவே தரை திறந்து கிடக்கும். பிளாஸ்டிக் கூரை போட்டால் மழை மொத்தமாகக் கூரை ஓரத்தில் அருவியாக விழும். 1960-ஆம் ஆண்டிலிருந்தே நிலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இருந்தும் என்ன? விவசாயியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சந்தையில் கேமரன் கீரை இன்னும் ஐம்பது சென் குறைவாகக் கிடைக்காதா என்று பேரம் பேசுபவர்களில் நானும் ஒருத்தி.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சரிவுக்குக் குறுக்கே படி, குழி, புல் வரிசை. புல் வரிசைக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கியது நம் வெட்டிவேர்தான். வேர் மூன்று மீட்டர் ஆழம் வரை நேராக இறங்கும். இந்த நாட்டிலும் நெடுஞ்சாலைச் சரிவுகளில் நட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதை 'வெட்டிவர்' என்று சொல்லும்போது நம்மவர்களே அது ஏதோ பிரெஞ்சு வார்த்தை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கோயில் அபிஷேகப் பொருள் விற்கும் கடையில் கட்டாகத் தொங்குவது அதுதான்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். குத்தகையாளரிடம் பாதி வேலை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டோம். துணி காயப்போடும் பக்கம் சிமெண்டு, மிச்சம் பத்தடிக்குப் பத்தடி மண். கணவருக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும் பயம்தான், இதற்குப் பிறகும் கறிவேப்பிலை வரவில்லையென்றால் மாமியார் முகத்தில் முழிக்க முடியாது.

அப்பா செய்யச் சொன்னது இவ்வளவுதான். மழை பெய்து ஈரமாக இருக்கும்போது மண்ணைக் கொத்தாதே, இன்னும் இறுகிவிடும். காய்ந்த பிறகு முள் கடப்பாரையால் குத்தி நெகிழ்த்திவிடு. மக்கிய உரத்தைக் கலந்து, மேலே மூன்று விரல் கனத்துக்குச் சருகு போடு. செடியின் தண்டில் சருகு ஒட்டிக் கிடக்க வேண்டாம், அழுகிவிடும். இடம் காலியாகக் கிடந்தால் காராமணியோ, சாலையோரத்தில் மஞ்சள் பூ பூக்குமே அந்தக் காட்டு வேர்க்கடலையோ போட்டு மூடு. எந்த நாளும் தரை வெறுமையாக இருக்கக் கூடாது. சருகைக் கொளுத்துகிறவனைக் கண்டால் கேட்டு வாங்கிக்கொள். கடைசி யோசனைக்காக எதிர்வீட்டு மாக்சிக்கிடம் போய் நின்றேன். வாரம் இரண்டு மூட்டை ரம்புத்தான் இலை கட்டி வைத்துவிடுகிறார். பதிலுக்கு என்ன தருவது என்று கேட்டதற்கு, கறிவேப்பிலை வந்ததும் கொடு என்கிறார். பொறுப்பு கூடிக்கொண்டே போகிறது.

இது நடந்து ஏழு மாதம். அப்பா வாரம் ஒரு முறை போன் செய்கிறார். முன்பெல்லாம் "சாப்பிட்டியா, புள்ள எப்படி இருக்கான்?" என்று கேட்பவர், இப்போது முதலில் கேட்பது, "புழு வந்துச்சா?" போன மாதம் சருகைத் தள்ளிப் பார்த்தபோது ஒன்று நெளிந்தது. படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதை அப்பா குளுவாங்கில் காப்பிக் கடை நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்.

வாளித் தண்ணீர் சோதனையையும் மறுபடி செய்து பார்த்தோம். இந்த முறை இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. அப்பாவுக்கு அது போதவில்லை. "இன்னும் கொஞ்சம் ஆகட்டும். கன்ன நான் கொண்டாரேன், கடையில வாங்காத. மழைக்கு முன்னாடி குழி மட்டும் வெட்டி வையி. ரெண்டடி" என்றார்.

நேற்று ஒன்றேகால் அடி வெட்டியிருக்கிறேன். கையில் இரண்டு கொப்புளம்.